இறக்குவானை மலையில் ஓர் இன்டர்கூலர்

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, காவத்தை வழியாக இறக்குவானைக்குச் சென்று, அங்கிருந்து புலுத்தொட்டைக் கணவாயைக் கடந்து தெனியாயப் பக்கம் இறங்கியவர்களுக்கு அந்த வீதியைப் பற்றி நான் வர்ணிக்கத் தேவையில்லை. கொண்டையூசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் இருக்கும். ஏற்றம் முடிந்துவிட்டது என்று மூச்சு விடும் இடத்தில் அடுத்த வளைவு தொடங்கும். சுமையேற்றிய வண்டிகள் முதலாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே ஊசலாடியபடி, நடந்து செல்பவரைவிடச் சற்று வேகமாக ஏறும்.

2003 மே மாதத்தில் தென்மேற்கு மாவட்டங்களைத் தாக்கிய வெள்ளமும் மண்சரிவும் 200 பேருக்கும் மேற்பட்டோரைக் காவுகொண்டன. மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது இரத்தினபுரி மாவட்டமே. அதற்கடுத்த ஆண்டு, மண்சரிவில் லயன்களை இழந்த குடும்பங்கள் என்ன ஆயின என்று எழுதுவதற்காக அப்பகுதித் தோட்டங்களுக்குச் சென்றிருந்தேன். கணவாய்க்கு அப்பால் இருந்த தோட்டம் ஒன்றுக்கு என்னை ஏற்றிச் சென்றது ஒரு பழைய ஜப்பானிய டபிள் கெப். பகலில் சிறு தேயிலைத் தோட்டக்காரர்களிடம் கொழுந்து சேகரித்துத் தொழிற்சாலைக்குக் கொண்டு செல்வது அதன் தொழில். இரவில் யாருக்காவது நெஞ்சுவலி வந்தாலும் பிரசவ வலி கண்டாலும் அதுவே அம்புலன்ஸ்.

மலையின் நடுப்பகுதியில் சாரதி வண்டியை நிறுத்தி பொன்னெட்டைத் திறந்தார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் குழாயைக் காட்டி, “இதுதாங்க ஐயா எஞ்சினுக்குப் போற காத்து. தொட்டுப் பாருங்க” என்றார். தொட்ட விரலை உடனே இழுத்துக்கொண்டேன். கொதிக்கும் கேத்தலைத் தொட்டாற்போல் இருந்தது. எஞ்சின் சூடாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் எஞ்சின் சுவாசிக்கும் காற்றே அவ்வளவு சூடாக இருக்கும் என்பதை அன்றுதான் கையால் அறிந்தேன்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, இதே மலையில், பின் ஆசனத்தில் பிரசவ வலியோடு ஒரு பெண் இருந்தபோது அந்த எஞ்சினின் ஹெட் கேஸ்கட் வெடித்துவிட்டதாம். கணவன் கணவாய் வரை நடந்து சென்று இன்னொரு வண்டியைப் பிடித்து வந்திருக்கிறார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். “அடுத்த தடவையும் வேற வண்டி வரும்னு நிச்சயமா?” என்று கேட்ட சாரதி, கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய இன்டர்கூலர் ஒன்று தேடப் போவதாகச் சொன்னார். இன்டர்கூலர் என்ற சொல்லை ஒரு கொழுந்து வண்டிக்காரரின் வாயிலிருந்து கேட்டது அதுவே முதல் தடவை. அது என்ன, எங்கிருந்து வந்தது, சப்பிரகமுவையின் மலை வீதிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அன்றிலிருந்து விசாரித்து வந்திருக்கிறேன்.

சுமையின் பாதை

சப்பிரகமுவையில் சுமை எப்போதும் வழி தேடிக்கொண்டே இருந்திருக்கிறது. புகையிரதம் வருவதற்கு முன், இரத்தினபுரியிலிருந்து களுகங்கை வழியே பெரும் படகுகள் களுத்துறைக்குச் சென்றன. மாட்டு வண்டிகள் அவிசாவளை வழியாகக் கொழும்புக்குச் சென்றன. தோட்டங்கள் பெருகிய பின் இவையிரண்டும் போதவில்லை. இரண்டடி ஆறங்குல அகலம் கொண்ட களனிவெளிக் குறும்பாதை 1902 இல் அவிசாவளையை அடைந்தது. 1912 இல் இரத்தினபுரிக்கும், 1919 இல் ஓப்பநாயக்கவுக்கும் நீண்டது. தேயிலைப் பெட்டியும் இறப்பர் பொதியும் சின்னஞ்சிறு பெட்டிகளில் ஏறிக் கொழும்புத் துறைமுகத்துக்குப் போன காலம் அது.

1976 இல் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பாதை மூடப்பட்டது. அது நட்டத்தில் ஓடியது என்பது சொல்லப்பட்ட காரணம். கணக்கு அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் அன்று வரை தண்டவாளம் சுமந்த பாரம் முழுவதும் அதற்குப் பின் வீதிக்கு வந்தது என்பதை யாரும் கணக்கில் எழுதவில்லை. நாட்டின் மிகுந்த மழை பெறும் மாவட்டங்களுள் ஒன்றில், வளைந்தும் நெளிந்தும் ஏறும் வீதிகளில், லொறியும் பிக்கப்பும் அந்தப் பாரத்தை ஏற்கவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே, 1977 இல், திறந்த பொருளாதாரம் வந்தது. ஜப்பானிய வாகனங்கள் வரத் தொடங்கின. மூடிய பாதையும் திறந்த துறைமுகமும் ஒன்றையொன்று தொட்டு வந்தது தற்செயலாக இருக்கலாம், விளைவு தற்செயலானதன்று.

தோட்டத்து மக்களுக்கு டீசல் எஞ்சின் புதியதல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். தேயிலைத் தொழிற்சாலைகளின் எஞ்சின் அறைகளில் ரஸ்டன், டான்ஜி போன்ற பிரித்தானியக் கம்பனிகளின் எண்ணெய் எஞ்சின்கள் பல தலைமுறைகளாக ஓடின. கண்டிக்கு அருகே ஹந்தானையிலுள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குச் சென்றவர்கள் அந்தப் பெரும் சில்லு எஞ்சின்களைப் பார்த்திருப்பார்கள். அவற்றைத் துடைத்து, எண்ணெயிட்டு, அவற்றின் ஒலியில் ஏற்படும் சிறு மாற்றத்தைக் கொண்டே நோயை அறிந்தவர்கள் தோட்டத்துத் தமிழர்களே. இரத்தினபுரி நகரத்துக் கராஜ்களில் நான் சந்தித்த மெக்கானிக்குகளில் சிலர், தங்கள் தந்தையோ பாட்டனோ ஏதோவொரு தோட்டத்தின் எஞ்சின் அறையில் வேலை செய்ததைப் பெருமையோடு சொன்னார்கள். இந்த வட்டாரத்துக் கராஜ்களுக்கு இன்னொரு வருமானமும் உண்டு: மாணிக்கக் குழிகளில் நீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துவது. புதிய உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால் பழையதை வெட்டி ஒட்டி ஓடவைக்கும் பழக்கம் அங்கிருந்தும் வந்திருக்கிறது.

வீணாகும் வெப்பம்

1897 இல் ஜெர்மனியின் ஒக்ஸ்பர்க் நகரில் ருடோல்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் வெப்பத்தில் நான்கிலொரு பங்குக்குச் சற்று மேல் வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி எஞ்சின்களோடு ஒப்பிடுகையில் அது அதிசயம். எனினும் மிகுதி வெப்பத்தின் பெரும் பகுதி புகையோடு வெளியே போயிற்று. சுவிட்சர்லாந்தின் வின்ரத்தூர் நகரைச் சேர்ந்த பொறியியலாளர் அல்பிரட் புக்கி என்பவருக்கு இந்த வீண்செலவு பொறுக்கவில்லை. வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சுழலியைச் சுற்றவைத்து, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சுழலியால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளலாம் என்று 1905 இல் அவர் காப்புரிமை பெற்றார். டர்போவின் பிறப்பு அதுதான். இருபது ஆண்டுகள் அது பெரும்பாலும் பரிசோதனைக் கூடத்திலேயே கிடந்தது. 1920களின் நடுப்பகுதியில் பிரெஸ்சன், ஹான்செஸ்டட் டான்சிக் என்ற இரு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் பொருத்தப்பட்டபோது, 1750 குதிரைவலுக் கொண்டிருந்த எஞ்சின்கள் 2500 குதிரைவலுவைத் தந்தன.

ஆனால் காற்றை அமுக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடித்த எவரும் பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறிவர். இரத்தினபுரியின் நண்பகல் வெப்பம் 32 பாகை செல்சியஸ் என்று கொள்வோம். ஒரு சாதாரண பிக்கப்பின் டர்போ அந்தக் காற்றை வளிமண்டல அமுக்கத்தின் 1.7 மடங்காக அமுக்குகிறது என்றும், அது பெரும்பாலான டர்போக்களைப் போல நூற்றுக்கு எழுபது அளவில் திறனுடையது என்றும் கொண்டால், வெளிவரும் காற்றின் வெப்பம் 100 பாகையைக் கடந்துவிடும். நான் தொட்டு விரலை இழுத்த குழாயினுள் ஓடியது அதுதான். சூடான காற்று விரிந்த காற்று. அதே சிலிண்டருக்குள் அதன் எடை குறைவு. எடை குறைந்தால் எரிபொருளை எரிக்கும் பிராணவாயுவும் குறைவு. ஆக, டர்போ ஒரு கையால் கொடுத்ததில் ஒரு பங்கை மறு கையால் பறித்துக்கொள்கிறது. அதைவிடப் பெரிய தீமை, சூடான காற்றில் தொடங்கும் எரிதல் மேலும் சூடாக முடிகிறது. பிஸ்டனும் ஹெட்டும் வால்வும் அந்தச் சூட்டைத் தாங்கவேண்டும். அலுமினியம் 660 பாகையில் உருகும் உலோகம். மலையேற்றத்தில் வெளியேறும் புகையின் வெப்பம் அதையும் தாண்டும்.

இதற்கான மருந்து எளிது. டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு ரேடியேட்டர் போன்ற பெட்டியை வைத்து, உள்ளே அமுக்கிய காற்றையும் வெளியே சாதாரண காற்றையும் ஓடவிடுவது. அந்தப் பெட்டியே இன்டர்கூலர். மேற்சொன்ன கணக்கில், ஓரளவு நல்ல பெட்டி 100 பாகைக்கு மேற்பட்ட காற்றை 60 பாகைக்கு இறக்கிவிடும். பெட்டிக்குள் ஏற்படும் சிறு அமுக்க இழப்பையும் கழித்தால், எஞ்சினுக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு அதிகக் காற்றுக் கிடைக்கும்.

இதன் அருமையை உலகுக்கு முதலில் உணர்த்தியவை ஆகாய விமானங்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர்கள் பறக்கவிட்ட பி-38 லைட்னிங் விமானத்தில், அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் ஏற்பாடு சிறகின் முன்விளிம்புக்குள் இருந்தது. எஞ்சினின் வலுவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். சிறகுக்குள் இருந்த குளிர்ப்பான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. கடைசியில் ஜே வகையில் எஞ்சினின் தாடைக்குக் கீழே பெரிய பெட்டியாக அதை மாற்றவேண்டியதாயிற்று. வலுவைக் கூட்டுகிறவர்கள் குளிர்ப்பைப் பின்னர் நினைப்பது அன்று தொடங்கிய வழக்கம். இன்றும் கராஜ்களில் நடக்கிறது. இலங்கையருக்கும் அமுக்கிய காற்றில் ஓடும் எஞ்சினின் உறுமல் அந்த யுத்தத்தில்தான் அறிமுகமாயிற்று. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்த ஹரிக்கேன்கள் அத்தகைய எஞ்சின்களைக் கொண்டவை. அவற்றில் இன்டர்கூலர் இருக்கவில்லை.

வீதிக்கு வந்த கதை

லொறிகளில் டர்போவைத் தொடர் உற்பத்தியாகத் தந்த முன்னோடிகளில் சுவீடனின் வொல்வோ ஒன்று, ஆண்டு 1954. சிறு வாகனங்களுக்கு அது வர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1973 இலும் 1979 இலும் ஏற்பட்ட எண்ணெய் நெருக்கடிகளே சிறு டீசல் எஞ்சினையும் டர்போவையும் சேர்த்து வைத்தன. 1978 இல் மெர்சிடிஸ் பென்ஸ் தன் டர்போ டீசல் காரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1980களில் ஜப்பானியர் அதை ஜீப்புக்கும் பிக்கப்புக்கும் கொண்டுவந்தனர்.

இந்த இடத்தில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் தோட்டத்துத் துரைமாரின் வண்டியாகிய லான்ட்ரோவர். 1986 இல் அந்தக் கம்பனி 2495 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சினுக்கு டர்போ பூட்டி 85 குதிரைவலு பெற்றது. இன்டர்கூலர் வைக்கவில்லை. கடும் சுமையில் பிஸ்டன்கள் வெடிப்பதற்கு அந்த எஞ்சின் பெயர் பெற்றுவிட்டது. 1989 இல் அதே கொள்ளளவில் 200டீடிஐ என்ற எஞ்சினைக் கொண்டுவந்தபோது, நேரடி எரிபொருள் தெளிப்போடு இன்டர்கூலரும் சேர்ந்தது. வலு 100 குதிரையைத் தாண்டியது, ஆயுளும் நீண்டது. முழுப் புகழையும் இன்டர்கூலருக்கே கொடுப்பது நியாயமாகாது. எரியும் முறையே மாறியிருந்தது. ஆயினும் கம்பனிக்குப் பாடம் கிடைத்துவிட்டது என்பது தெளிவு.

ஜப்பானிய பிக்கப்புகளின் கதை வேறு. மிட்சுபிஷியின் 2477 கன சென்ரிமீற்றர் கொண்ட 4டீ56 எஞ்சின், பஜெரோ ஜீப்பில் இன்டர்கூலருடனும் வந்தது. அதே எஞ்சின் எல்200 பிக்கப்பில் பல நாடுகளுக்கு இன்டர்கூலர் இன்றி அனுப்பப்பட்டது. பணக்காரரின் ஜீப்புக்குக் குளிர்ந்த காற்று, உழைப்பாளியின் பிக்கப்புக்குச் சூடான காற்று. உற்பத்தியாளர் பக்கத்து நியாயமும் இல்லாமலில்லை: பிக்கப் மலிவாக இருக்கவேண்டும், குழாய்கள் குறைந்தால் கெடுவதும் குறையும், டீசல் பம்பை மிதமாக வைத்தால் எஞ்சின் தாங்கும். சமவெளியில் இந்த நியாயம் செல்லும். 1400 மீற்றருக்கும் மேல் உயர்ந்த அப்புத்தளைக்கு ஒரு தொன் உருளைக்கிழங்கு விதையோடு ஏறும் வண்டிக்கும், புலுத்தொட்டையில் கொழுந்து மூட்டையோடு ஏறும் வண்டிக்கும் அது செல்லாது. மலையில் இரு தீமைகள் ஒன்று சேர்கின்றன. சுமை அதிகமாவதால் டர்போ முழு மூச்சில் ஓடுகிறது. வேகம் குறைவதால் எதிர்க்காற்று இல்லாமற்போகிறது.

பஞ்சிகாவத்தையிலிருந்து இரத்தினபுரிக்கு

கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தை, ஜப்பானில் கழித்த வாகனங்களின் உறுப்புகள் குவியும் இடம். எந்த வண்டியின் எந்த உறுப்பும் அங்கே கிடைக்கும் என்பார்கள். அலுமினிய இன்டர்கூலர்களும் அங்கே சுவரோரமாக அடுக்கியிருக்கும்: பஜெரோவின் எஞ்சினுக்கு மேலே படுத்திருந்தவை, கன்டர் போன்ற சிறு லொறிகளின் முகப்பில் நின்றவை. புதிய பெட்டியின் விலையில் மிகச் சிறு பங்குக்கு இவை கிடைத்தன. ஆகவே பிக்கப்புக்கு இன்டர்கூலர் பூட்டும் வேலையை இந்நாட்டில் தொடக்கியவர்கள் கம்பனிப் பொறியியலாளர்களல்லர். பழைய சாமான் கடைக்காரரும் கராஜ்காரருமே.

இரத்தினபுரியில் அதைப் பொருத்திய ஒரு கராஜில் ஒரு முழுப் பகலைக் கழித்திருக்கிறேன். என் சாரதி நண்பரின் வண்டிதான். வேலை தொடங்குமுன் அந்த மெக்கானிக் செய்த முதற்காரியம், வாங்கி வந்த பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்ததுதான். கறுத்த ஒயில் சொட்டியது. பழைய பெட்டியில் ஒயில் இருந்தால், அதை முன்பு கொண்டிருந்த வண்டியின் டர்போ கெட்டிருக்கிறது என்று பொருள். அந்த ஒயில் எஞ்சினுக்குள் போனால் டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாகக் குடித்துக் கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வழியை அடைத்தால்தான் நிற்கும். உடைந்த டர்போவின் உலோகத் துண்டுகளும் உள்ளே ஒளிந்திருக்கக்கூடும். மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, சவர்க்கார நீரால் கழுவி, மதிய வெயிலில் காயவைத்து, மறுபடியும் குலுக்கினார். அதற்கே அரை நாள் ஆயிற்று. இந்தப் பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்கக்கூடாது.

அடுத்த கேள்வி எங்கே வைப்பது என்பது. எஞ்சினுக்கு மேலே வைத்தால் குழாய் குறையும். ஆனால் பொன்னெட்டில் துளை வெட்டி முகக்கூடு வைக்கவேண்டும், கீழிருந்து எஞ்சினின் சூடும் ஏறும். முகப்பில் வைத்தால் நல்ல காற்றுக் கிடைக்கும். ஆனால் பின்னாலிருக்கும் ரேடியேட்டருக்குச் செல்லும் காற்றை இது சூடாக்கி அனுப்பும். பெரிய பெட்டி நல்லது என்று எண்ணி ரேடியேட்டரை முழுவதும் மறைத்தவர்கள், காற்றைக் குளிரவைத்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்த கதைகள் பல. அந்த மெக்கானிக் நடுத்தரப் பெட்டியொன்றை முகப்பில் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்து, கழித்த சிறு காரொன்றின் மின் விசிறியை அதன் பின்னால் பொருத்தினார். ஏற்றத்தில் சாரதி சுவிட்சைப் போட்டால் விசிறி ஓடும். எதிர்க்காற்றில்லாத மலைக்கு விசிறியில்லாத இன்டர்கூலர் வெறும் அலங்காரம் என்பது அவருடைய கட்சி. பின்னர் நான் கேட்ட எல்லா மெக்கானிக்குகளும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை; உலோகப் பெட்டி சற்று நேரம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், குறுகிய ஏற்றத்துக்கு அதுவே போதும் என்பார்கள். புலுத்தொட்டை குறுகிய ஏற்றமன்று.

குழாய்களைச் சைலென்சர் வளைக்கும் கடையில் இரும்பில் செய்தார்கள். ஒட்டிய இடங்களின் உட்புறத்தை அரம் போட்டுத் தேய்த்து, உதிரும் மணிகளை அகற்றினார்கள். ஒரு மணி கழன்றாலும் அது நேரே சிலிண்டருக்குப் போகும். இணைப்புக்கு ரேடியேட்டர் ஹோஸைப் போடலாம் என்று உதவிப் பையன் சொன்னான். மெக்கானிக் மறுத்துவிட்டார். டர்போவிலிருந்து வரும் மெல்லிய ஒயில் ஆவி அந்த இறப்பரை ஊதவைத்து இளக்கிவிடும்; ஏற்றத்தின் நடுவே அது கழன்றால் வண்டி கரும்புகை கக்கி நின்றுவிடும். சிலிகன் ஹோஸ் விலை கூடியது. மொத்தச் செலவில் புதிதாக வாங்கியவை அதுவும் கிளிப்புகளும் மட்டுமே.

திருகாணி

எல்லாம் முடிந்த பின் சாரதி கேட்டார்: “பம்பைக் கொஞ்சம் கூட்டி விடுவோமா, பாஸ்?” இந்தக் கேள்வியில்தான் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

டீசல் பம்ப் எவ்வளவு எரிபொருள் அனுப்புவது என்பதைக் காற்றின் அமுக்கத்தைக் கொண்டு தீர்மானிக்கிறது. காற்றின் குளிர்ச்சியை அந்தப் பழைய பம்புகள் அறியா. ஆகவே இன்டர்கூலர் பூட்டிய பின்னும் எரிபொருள் முன்னிருந்த அளவுதான். காற்று மட்டும் கூடியிருக்கும். விளைவாக, புகை குறையும், எரிதல் முழுமையாகும், வெளியேறும் புகையின் வெப்பம், உள்ளே குறைந்த அளவுக்கோ அதற்கு மேலோ குறையும். ஆனால் வண்டியின் இழுவையில் பெரிய வேறுபாடு தெரியாது. செலவழித்தவருக்கு அது ஏமாற்றம். பம்பின் திருகாணியை அரைச் சுற்றுச் சுற்றி எரிபொருளைக் கூட்டினால் வண்டி பாயும். அதோடு இன்டர்கூலர் இறக்கிய சூடு முழுவதும் திரும்ப ஏறிவிடும். பி-38 இன் கதை மறுபடியும்.

அந்த மெக்கானிக் திருகாணியைத் தொடவில்லை. புகையின் வெப்பத்தைக் காட்டும் மானி இல்லாமல் அதில் கைவைப்பது குருடன் சமைத்த உப்பைப் போன்றது என்றார். பிற்காலத்தில் அவ்வட்டாரத்தில் இன்டர்கூலர் பூட்டிய வண்டிகள் பலவற்றைப் பற்றி விசாரித்தேன். ஹெட் வெடித்ததாகச் சொன்னவர்களில் பெரும்பாலோர் திருகாணியைச் சுற்றியவர்கள். இது ஆய்வன்று, ஒரு பத்திரிகைக்காரனின் காது வழிக் கணக்கு. இன்டர்கூலரை வேகத்துக்கான சாதனமாக விளம்பரங்கள் காட்டுவதால்தான் இந்தத் தவறு நேர்கிறது என்பது என் எண்ணம். மலைநாட்டு பிக்கப்புக்கு அது ஆயுளுக்கான சாதனம்.

பராமரிப்பும் உண்டு. இரத்தினபுரியின் செம்மண் சேறு பெட்டியின் மெல்லிய தகடுகளுக்கிடையே அடைந்து காய்ந்தால் குளிர்ப்பு நின்றுவிடும். மழை மாவட்டத்தில் இது மாதமொரு வேலை. உயர் அமுக்க நீரைப் பாய்ச்சித் தகடுகளை வளைத்துவிட்டவர்களும் உண்டு. மென்மையாகத் தண்ணீர் ஊற்றித் தூரிகையால் தேய்ப்பதே முறை. கொழுந்து மூட்டையைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது விளங்கும்: பறித்த கொழுந்தை நெருக்கி அடைத்துக் காற்றுப் புகாமல் வைத்தால் உள்ளே சூடேறிச் சிவந்து கெட்டுப்போகும். பின்னால் ஏற்றிய சுமைக்கும் முன்னால் இழுக்கும் எஞ்சினுக்கும் ஒரே எதிரிதான்.

வண்டிகள் வராத ஆண்டுகள்

புதிய பிக்கப்புகளில் 2000களின் நடுப்பகுதிக்குப் பின் இன்டர்கூலர் பிறவியிலேயே வந்துவிட்டது. எனவே இந்தக் கைவேலை மெல்ல மறைந்துவிடும் என்று நினைத்தேன். 2020 மார்ச்சில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டில் இருந்த பழைய வண்டிகளே எல்லாச் சுமையையும் இழுத்தன. அவற்றின் விலை புதிய வண்டியின் முன்னைய விலையைத் தாண்டியது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல், 2022 ஜூனில் 460 ரூபாவாயிற்று. வரிசையில் நாட்கணக்கில் நின்று பெற்ற டீசல் கரும்புகையாகப் போவதைச் சகிக்க எவருக்கும் மனமில்லை. பழைய டர்போ பிக்கப்புகளை வைத்திருந்தவர்கள் மறுபடியும் இன்டர்கூலர் தேடத் தொடங்கினார்கள். அப்பொழுது பஞ்சிகாவத்தையில் அந்தப் பெட்டிகள் முன்போல் சுவரோரம் கிடக்கவில்லை என்று ஒரு கடைக்காரர் சொன்னார்.

என் சாரதி நண்பரின் டபிள் கெப் இன்னும் ஓடுகிறது. ஹெட் ஒரு தடவையும் திறக்கப்படவில்லை. விசிறி இரண்டு தடவை மாற்றப்பட்டிருக்கிறது. இரவு ஓட்டங்கள் பல போயிருக்கின்றன. கணவாய்க்கு அப்பாலிருந்து இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேரை ஏற்றிவந்தாய் என்று கேட்டால், கணக்கு வைக்கவில்லை என்பார். கடைசியாக நான் அங்கே சென்றபோது, பழைய நினைவில், அதே வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பொன்னெட்டைத் திறக்கவைத்தேன். டர்போவிலிருந்து பெட்டிக்குச் செல்லும் குழாயை நெருங்கவே முடியவில்லை. பெட்டியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் குழாயைப் பற்றிப் பிடித்தேன். சற்று ஆறிய தேநீர்க் கோப்பை போல் வெதுவெதுப்பாக இருந்தது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் கொழுந்து மூட்டைகள் காத்திருந்தன. “ஏறுங்க ஐயா, கொழுந்து வாடுது” என்றார்.